ஒரே கம்பியில் ஆறு டோக்கன்கள்

"நாள் 5. புதன். 10.17 சைரன். 10.19 முதல் அடி. டோக்கன் 41. தலை 40."

என் நோட்டில் அன்று எழுதிய வரி. பென்சில் எழுத்து. நாற்பது என்ற எண்ணின் மேல் இரண்டு முறை அழுத்தி எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது.

ஓடுகிறோம். இடப்பக்கம் கடல். வலப்பக்கம் எண்ணெய்த் தொட்டிகள். ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்டவை, வெள்ளை அடித்தவை. என் கையில் டோக்கன் போர்டு. இரண்டடிக்கு மூன்றடிப் பலகை. ஓட ஓடப் பித்தளை டோக்கன்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சைரனுக்கு இடையிலும் அந்தச் சத்தம் கேட்கிறது. பின்னால் என் கேபினில் போன்கள் ஒரே நேரத்தில் அலறுகின்றன. தொட்டி வளாகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேபின் அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அலமாரி நிறைய எச்சரிக்கை ஒலி. கேட்க ஆளில்லை.

"குனிஞ்சு வாங்கடா, குனிஞ்சு." ஃபோர்மேன் முருகேசன் கத்துகிறார். "மேல பாக்காத. ஓடு."

நான் மேலே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும். மேட்டில் ஏறத் திணறும் மொபெட் போல ஒரு ட்ரோனின் சத்தம். கடல் பக்கமிருந்து வந்தது. பிறகு அது நின்றது. நின்ற பிறகு மூன்று வரை எண்ணலாம். எண்ணினேன்.

10.19. நான்காம் தொட்டி.

முதலில் வெளிச்சம். பிறகு மார்பில் ஓர் அடி, பலகையால் அறைந்தது போல. அதற்குப் பிறகுதான் சத்தம். முன்னால் ஓடிய இருவர் தரையில் கிடந்தார்கள். ஒருவர் எழுந்தார். மற்றவரின் கணுக்காலில் தகரம் ஒன்று செருகியிருந்தது. அவரை இழுத்துக்கொண்டு ஷெல்டருக்குள் விழுந்தோம். ஷெல்டர் என்றால் பெரிய கான்கிரீட் குழாய்கள். வரிசையாகக் கிடத்தி, மேலே மணல் மூட்டை அடுக்கியது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது.

மாதத்தையும் தேதியையும் நான் இங்கே தரவில்லை. விசாரணை முடியவில்லை. இறந்தவர்களின் வீட்டாரும் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். முதல் சைரன் ஒலித்த சனிக்கிழமையை நாள் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தின் பெயரும் வேண்டாம். எமிரேட்ஸின் கிழக்குக் கரை. தெற்கே எல்லை தாண்டினால் ஓமானின் சோஹாருக்குப் போகும் சாலை. அது போதும்.

நான் அங்கே டைம்கீப்பர். பன்னிரண்டு ஆண்டுகள். ஆள் உள்ளே போனால் எழுதுவேன். வெளியே வந்தால் எழுதுவேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன் என்பதால் கேம்பில் எல்லோருக்கும் அண்ணாச்சி.

டோக்கன் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒவ்வோர் ஆளுக்கும் எண் வெட்டிய பித்தளை டோக்கன் ஒன்று. உள்ளே போகும்போது அதைப் போர்டு ஆணியில் மாட்ட வேண்டும். வெளியே வரும்போது எடுக்க வேண்டும். ஆணியில் டோக்கன் இருந்தால் ஆள் உள்ளே. சைரன் ஒலித்தால் நான் போர்டோடு ஷெல்டருக்கு ஓடுவேன். எண்ணை வாசிப்பேன். பதில் வர வேண்டும். டோக்கனும் தலையும் சமமாக வேண்டும். வராவிட்டால் ஒருவர் நெருப்புக்குள் இருக்கிறார் என்று பொருள்.

நாள் 1. சனி. பக்கத்து நாட்டின் எண்ணெய் ஆலை ஒன்று அடிபட்டது. மாலை 4.10க்கு நாங்கள் வேலை செய்யும் நாட்டின் அறிக்கை வந்தது. கேம்ப் மெஸ்ஸில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வளைகுடாவின் ஆறு நாடுகளுக்குள் ஒரு கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. கையெழுத்தாகி ஆண்டுகள் பல ஆயின. ஒருவர் மீது விழும் அடி ஆறு பேர் மீதும் விழுந்த அடி. அதை மதிப்போம், விலகி நிற்க மாட்டோம் என்பதே அறிக்கையின் சாரம். நான் போர் வரலாறுகளைத் தேடிப் படிப்பவன். ஒரு நகரத்துத் தெருவில் நடந்த கொலை, கூட்டணி கூட்டணியாகப் பரவி ஒரு கண்டத்தை எரித்ததைப் படித்திருக்கிறேன். மெஸ்ஸில் அதைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அன்று சனிக்கிழமை. கோழிக் குழம்பு.

முருகேசன் மட்டும் கேட்டார். சாரம் கட்டும் ஆட்களின் ஃபோர்மேன். பரமக்குடிக்குப் பக்கம். நாற்பத்தொரு வயது. 14ஆம் அறையில் ஆறு பேர், அவர்தான் மூத்தவர்.

"அண்ணாச்சி, ஒருத்தன அடிச்சா ஆறு பேரையும் அடிச்ச மாதிரிங்குறாய்ங்க. சரி. அப்ப ஒருத்தனுக்கு லீவு கெடச்சா ஆறு பேருக்கும் லீவா?"

"அத அந்த ஆறு நாட்டுக்காரன்ட்ட கேளு."

"இல்ல, இவனுக்குத்தான் லீவு. அதான் கேட்டேன்." தங்கராசுவின் தோளில் தட்டினார். தங்கராசு வெல்டர். பெரம்பலூர். இருபத்தொன்பது வயது. அதே அறை. அடுத்த வாரம் ஊருக்குப் போக வேண்டியவர். மனைவிக்கு அது எட்டாம் மாதம்.

"எனக்கு லீவே போதும்ணே. அடியெல்லாம் நீங்க வாங்கிக்கங்க," என்றார் தங்கராசு. மெஸ்ஸே சிரித்தது.

நாள் 2. ஞாயிறு. காலை 7.35க்குக் கூட்டணி நாட்டின் போர்க்கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்தது. எரிபொருள் எடுக்க. 11.20க்கு இன்னொன்று. தொட்டி மூன்றிலிருந்தும் நான்கிலிருந்தும் குழாய் போனது. அதுவரை அது துறைமுகம். அதற்குப் பிறகு அது இலக்கு. வாக்குக் கொடுத்த நாடு வாக்கைக் காத்தது. நான் குறை சொல்லவில்லை. நடந்ததை நேரத்தோடு எழுதுகிறேன்.

அன்று மாலை ஷிப்ட் முடிந்ததும் முருகேசன் என் ஜன்னலுக்கு வந்தார். கையில் குறடு. சாரம் கட்டும் கட்டுக்கம்பி ஒரு முழம். 14ஆம் அறையின் ஆறு டோக்கன்களையும் கேட்டார். ஆறையும் கம்பியில் கோத்தார். குறடால் முறுக்கி வளையமாக்கினார்.

"அவிங்களும் ஆறு. நாமளும் ஆறு. உள்ள போனா ஆறு பேரும் போறோம். வெளிய வந்தா ஆறு பேரும் வாறோம். ஒருத்தன விட்டுட்டு ஒருத்தன் பஸ்ஸு ஏறக் கூடாது."

விதிப்படி அது தவறு. ஓர் ஆணிக்கு ஒரு டோக்கன். ஆனால் பழக்கம் புதிதில்லை. முன்பும் அறைக்காரர்களில் யார் முதலில் கேட்டுக்கு வந்தாலும் ஆறையும் அவரே மாட்டுவார். தாமதமாக வருபவருக்குத் தாமதம் விழாது. நான் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தேன். இப்போது கம்பியும் சேர்ந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. அன்றைய குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "6.05. அறை 14 ஒப்பந்தம் செய்தது. ஆறு டோக்கன், ஒரு கம்பி." எனக்கு அது பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

நாள் 3, மூன்று சைரன். நாள் 4, ஐந்து. இரண்டு நாளும் ஓடினோம். வாசித்தேன். எல்லா எண்ணுக்கும் பதில் வந்தது. வானத்தில் இடைமறித்து வெடித்தவற்றின் துண்டுகள் கடலில் விழுந்தன. ஒன்று பஸ் கூரையில் விழுந்தது. பெட்ஷீட் அளவு தகடு. தொட்டால் சுட்டது.

நாள் 5. குழாய்க்குள் வாசிக்கிறேன். காதில் இரைச்சல். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். 14ஆம் அறையின் வளையத்துக்கு வருகிறேன். 2211. கை. 2212. கை. 2213. கை. 2214.

கை இல்லை.

மறுபடி வாசித்தேன். 2214. தங்கராசு.

"தங்கராசு எங்க?" முருகேசன் குழாய் குழாயாகத் தவழ்ந்து பார்த்தார். நான்கு குழாய். திரும்பி வந்தபோது முகத்தில் நிறமில்லை. "குழிக்குள்ளதான் இருப்பான். மாஸ்க்க போட்டுட்டு கிரைண்டர ஓட்டுனான்னா அவனுக்கு இடி விழுந்தாலும் கேக்காது."

மூன்றாம் தொட்டிக்கும் நான்காம் தொட்டிக்கும் நடுவில் பம்புக் குழி. ஆளுயர ஆழம். இரண்டு வாரமாகத் தங்கராசுவுக்கு அங்கேதான் வேலை. தனி ஆளாக. நான்காம் தொட்டி எரிந்துகொண்டிருந்தது.

போர்டின் ஓரத்தில் ஒரு சிலேட்டுத் துண்டு உண்டு. டோக்கனை எடுக்காமல் யாராவது இடையில் வெளியே போனால் எண்ணை அதில் எழுதுவேன். பார்த்தேன். வெற்றுச் சிலேட்டு. அந்த வெறுமையை முருகேசனும் பார்த்தார்.

என் கையில் வாக்கி டாக்கி. தீயணைப்புக்குச் சொன்னேன். இருபது நிமிடம் என்றார்கள். மணி 10.24.

10.26. முருகேசன் வெளியே தவழ்ந்தார். காலைப் பிடித்தேன். உதறினார்.

"விடுங்கண்ணாச்சி. கம்பிய முறுக்குனது நான்."

கடைசியாக அவர் பேசி நான் கேட்டது அது.

குழாய் வாயில் குல் பாய் இருந்தார். காவலர். பெஷாவர் பக்கத்துக்காரர். பத்து மணிக்குக் காவல் மாறி வந்தவர். "அந்தர் மத் ஜாவ், பாய். மத் ஜாவ்." உள்ளே போகாதே என்று இரண்டு முறை கத்தினார். முருகேசன் நிற்கவில்லை. குல் பாய் எங்களைத் திரும்பிப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு அவரும் ஓடினார். அந்த வளையத்தில் அவர் டோக்கன் இல்லை. அவருக்கு டோக்கனே இல்லை.

குழாய் வாயிலிருந்து பார்க்கிறேன். இருநூறு அடி. மஞ்சள் தலைக்கவசம் முன்னால். பின்னால் காக்கிச் சட்டை. புகை தரையோடு வருகிறது. கறுப்புப் புகை. கவசம் மறைகிறது. தெரிகிறது. குழியின் விளிம்பில் முருகேசன் மண்டியிடுகிறார். உள்ளே எட்டிப் பார்க்கிறார். இரு கையையும் வாயருகே வைத்துக் கூப்பிடுகிறார். ஏணியில் இறங்குகிறார். குல் பாய் மேலே நிற்கிறார்.

அவர் மேலே வந்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன். இடுப்பு வரை மேலே வந்தார். குல் பாயைப் பார்த்துக் கையை விரித்தார். இல்லை என்று.

10.31. மொபெட் சத்தம். நின்றது. ஒன்று. இரண்டு.

மூன்றாம் தொட்டி.

தொட்டியின் மூடி எழுந்தது. முழு மூடி. மெதுவாக எழுந்தது போலிருந்தது. சாய்ந்தது. அதற்கடியிலிருந்து எண்ணெய் எரிந்தபடியே ஊற்றியது. குழி தாழ்ந்த இடம். எண்ணெய் தாழ்ந்த இடத்தைத்தான் தேடும். குல் பாய் எரிந்துகொண்டே எங்களை நோக்கி ஓடி வந்தார். பதினைந்து இருபது அடி. பிறகு முழங்காலில் விழுந்தார். பிறகு முகம் குப்புற. கை மட்டும் சிறிது நேரம் மணலைச் சுரண்டியது. குழியிலிருந்து யாரும் வரவில்லை. சத்தமும் வரவில்லை. வந்திருந்தாலும் கேட்டிருக்காது.

அனல் குழாய்க்குள் வந்தது. புருவம் கருகியது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறினார்கள். மிதிபட்டு ஒருவருக்கு விலா எலும்பு முறிந்தது. ஒருவர் ஓயாமல் "முருகா முருகா" என்றார். கடவுளைக் கூப்பிட்டாரா, முருகேசனைக் கூப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. என் வாயில் அருள் நிறைந்த மரியே செபம் ஓடியது. பாதியில் நின்றது. மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடியது. 10.58 வரை அப்படி இருந்தோம். நீண்ட ஒரே ஒலி. ஆபத்து நீங்கியது.

என் கேபின் இல்லை. அலமாரி இல்லை. உருகிய பிளாஸ்டிக் குவியலில் ஒரு போன் மட்டும் இன்னும் ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

12.35. தலைமை அலுவலகத்து பிக்கப் வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. போலீஸ் மறித்திருந்தது. வண்டியிலிருந்து தங்கராசு இறங்கினார். சட்டையில் அழுக்கில்லை. ஒரு கையில் லீவுத் தாள். மறு கையில் போன்.

எல்லோரும் அவரையே பார்த்தோம். 14ஆம் அறையின் மற்ற நால்வரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்தார். தங்கராசுவின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். நிஜமா என்று பார்ப்பது போல.

"நீ குழிக்குள்ள இல்லியா?"

"நான் ஆபீஸுல இருந்தேன். லீவுக்குக் கையெழுத்துப் போடக் கூப்ட்டாங்க." சுற்றிலும் பார்த்தார். ஐந்து பேரைத் தேடினார். நான்கு பேர் இருந்தார்கள். "முருகேசண்ணன் எங்க?"

நெஞ்சில் கை வைத்தவர் மறுபடி உட்கார்ந்தார். தங்கராசு புகையைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் கிடந்த போர்டைப் பார்த்தார். வளையம் ஆணியில் இருந்தது. ஆறு டோக்கன். அவருக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். லீவுத் தாளை நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை. அப்படியே கையில் வைத்திருந்தார்.

நாள் 6. வியாழன். நெருப்பு அடங்கவில்லை. நாள் 7. வெள்ளி. பிற்பகல் 2.15க்குக் குழியைத் திறந்தார்கள். ஒரு பெல்ட் பக்கிள். குறடு. முருகேசன் என்று அடையாளம் காண அவை போதும் என்றார்கள். மீதியை நான் பார்த்தேன். எழுதவில்லை.

நாள் 8. சனி. பஸ்ஸில் எல்லை தாண்டினோம். சோஹாரில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். தரையில் பாய். எனக்கும் தங்கராசுவுக்கும் அடுத்தடுத்த பாய். சவூதியில் தம்மாமில் இருக்கும் என் மைத்துனர் போனில் கூப்பிட்டார். அங்கும் சைரன், உயிரோடு இருக்கிறேன் என்றார். வைத்துவிட்டேன். தங்கராசு மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை. அன்று பேசினார். என் முகத்தைப் பார்க்காமல்.

"அண்ணாச்சி. நான் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான போனேன்."

"எப்ப?"

"ஒன்பதே முக்காலுக்குக் கொஞ்சம் முன்ன. சன்னல்ல. பிக்கப்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். டோக்கன எடுக்கலாம்னு பாத்தேன், கம்பி முறுக்கிக் கெடந்துச்சு. அவுத்தா முருகேசண்ணன் வைவாரு. அதான் உங்ககிட்ட சொன்னேன். 2214 வெளிய போறேன், சிலேட்ல எழுதிக்கங்கன்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"எழுதிக்கிட்டு இருந்தீங்க. தலைய ஆட்டுனீங்க."

பிறகு சொன்னார்: "ஆட்டுன மாதிரி இருந்துச்சு."

நாள் 11. செவ்வாய். சண்டை நின்றது. ஆறு நாடுகளும் ஒரே அறிக்கை விட்டன. ஒப்பந்தம் நிலைத்தது. முழுவதையும் படித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஒருவர் அடிபட்டால் எல்லோரும் ஓடி வருவது நல்ல ஒப்பந்தம்தான். முருகேசன் போட்டதும் அதுதான். அவரும் வாக்கைக் காத்தார். அடிபட்டவன் எங்கே இருக்கிறான் என்பதைச் சரியாக எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த ஆள் நான்.

இழப்பு.

இறந்தவர் இருவர். முருகேசன், சாரம் ஃபோர்மேன், டோக்கன் 2211. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். குல் பாய், காவலர், டோக்கன் இல்லை. வீட்டில் யார் யார் என்று எனக்குத் தெரியாது. விசாரித்துக்கொண்டிருக்கிறேன். காயம் ஏழு பேர். ஒருவருக்குக் கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தொட்டி மூன்று, தொட்டி நான்கு. பஸ் ஒன்று. என் கேபின். அலமாரியும் அதிலிருந்த போன்களும். முருகேசனின் போனும் அதில் இருந்தது. அவர் பிள்ளைகள் அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருந்தன.

இழக்காதவை. டோக்கன் நாற்பத்தொன்றும் இருக்கின்றன. வளையம் விசாரணை அதிகாரியிடம். கம்பி அவிழவில்லை. என் நோட்டு சட்டைப் பையில் இருந்தது. தங்கராசுவுக்கு மகன் பிறந்தான். பெயர் முருகேசன்.

உறுதியானது இவ்வளவு. அன்று தங்கராசு கையில் போன் இருந்தது. போன் அலமாரி என் ஜன்னலை ஒட்டி. ஆகவே அவர் ஜன்னலுக்கு வந்திருக்கிறார். ஆனால் அலமாரி வெளிப்பக்கம் திறந்தது. அவரவர் போனை அவரவரே எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

நாள் 5, புதன், 9.40க்கு என் நோட்டில் ஒரு குறிப்பு இருக்கிறது. வானொலியில் கேட்டது. "இரண்டாவது கூட்டறிக்கை. ஆறு நாடுகளும் ஒன்றாக." ஒன்பது வரி. என் கையெழுத்து. நடுவில் ஓரிடத்தில்கூட எழுத்து நிற்கவில்லை, கோணவில்லை. விசாரணையில் அந்தப் பக்கத்தை நானே எடுத்துக் கொடுத்தேன்.

9.40க்கு 2214 என்னிடம் சொன்னாரா, நான் தலையசைத்தேனா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.